வெளிநாட்டுப் பணத்தைச் சேர்த்து வைக்கலாமா?

1966 ஜூன் தொடக்கம் வரை ஓர் இந்திய ரூபாயும் ஓர் இலங்கை ரூபாயும் ஒரே மதிப்பு. ஒரு டாலரின் விலை இரண்டிலுமே 4.76. ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 7.50 என்று இறக்கியதும் அந்தச் சமநிலை முறிந்தது. அன்றைக்குக் கெட்டியான பணமாகத் தெரிந்தது இலங்கை ரூபாய்தான். இன்றோ ஓர் இந்திய ரூபாய் வாங்க மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் ஆகிறது. சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய ரிங்கிட்டும் அப்படித்தான். 1973 மே வரை ஒன்றைக் கொடுத்து மற்றதைச் சரிசமமாக வாங்கிக்கொள்ளலாம். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் தர வேண்டும்.

ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட பணங்கள் ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு விலகிப்போனதைப் பார்த்தால், சரியான நாணயத்தை அன்றே தேர்ந்தெடுத்து வைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். டாலர் ஏறிக்கொண்டே போகும் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு அந்த எண்ணம் இன்னும் வலுக்கும். எண்ணம் நியாயமானதுதான். ஆனால் ஒரு நாணயத்தை நீண்ட காலத்துக்கு வாங்கி வைப்பதற்கு முன் எதை ஆராய வேண்டும், அந்த ஆராய்ச்சி எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

நாணயம் தானாக விளைவதில்லை

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கினால் அந்த நிறுவனம் சம்பாதிக்கும் லாபத்தில் நமக்குப் பங்கு உண்டு. வீடு வாங்கினால் வாடகை வரும். ஒரு நாட்டின் பணத்தாள் எதையும் சம்பாதிப்பதில்லை. பெட்டியில் எத்தனை ஆண்டு இருந்தாலும் நூறு டாலர் நூறு டாலர்தான். அதை வங்கியில் போட்டால் வட்டி வரும். அந்த வட்டிக்கு மேல் நமக்குக் கிடைப்பது, அந்தப் பணத்துக்கு எதிராக நம் ரூபாய் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு மட்டும்.

இதைப் புரிந்துகொள்ள உலகிலேயே உறுதியான பணம் என்று பெயரெடுத்த சுவிஸ் ஃபிராங்க்கை எடுத்துக்கொள்வோம். 1966-ல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4.37 ஃபிராங்க். மதிப்பிறக்கத்துக்குப் பிறகு டாலர் 7.50 ரூபாய் என்பதால், ஒரு ஃபிராங்க் சுமார் 1 ரூபாய் 72 காசு. 2022 அக்டோபரில் டாலரும் ஃபிராங்க்கும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டன. ஒரு ஃபிராங்க் 83 ரூபாயை ஒட்டி விற்றது. 56 ஆண்டுகளில் 48 மடங்கு. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. கூட்டு வளர்ச்சியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம்தான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி நம் ஊர் வங்கி வைப்புநிதிகளும் அதே அளவில் வட்டி தந்தன. 1990-களில் அதைவிட நன்றாகவே தந்தன.

டாலரின் கணக்கு இன்னும் சிறியது. 7.50-லிருந்து 83-க்கு ஏறியது ஆண்டுக்குச் சுமார் 4.4 சதவீதம். 1993 மார்ச்சில் ரூபாயின் விலையைச் சந்தையிடம் விட்ட பிறகு, 31 ரூபாய் 37 காசிலிருந்து 30 ஆண்டுகளில் 83-க்கு வந்தது ஆண்டுக்கு 3.3 சதவீத ஏற்றம். டாலர் வைப்புக்குக் கிடைத்த வட்டியைச் சேர்த்தாலும் மொத்தம் ஒரு சாதாரண ஃபிக்சட் டெபாசிட்டை எட்டிப்பிடிக்கும் அளவுதான். சிறந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கே இவ்வளவுதான் கிடைத்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எண் சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு குவைத் தினார் மூன்று அமெரிக்க டாலருக்கும் மேல். ஒரு டாலருக்கோ நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய யென் கிடைக்கும். அதனால் குவைத் பொருளாதாரம் ஜப்பானைவிட வலுவானது என்று ஆகிவிடாது. ஒரு நாடு தன் பணத்தை எந்த அலகில் அச்சிடத் தொடங்கியது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. துருக்கி 2005-ல் தன் லிராவிலிருந்து ஆறு பூஜ்யங்களை வெட்டியது. விலைப்பட்டியல் மாறியது, யாருடைய செல்வமும் மாறவில்லை.

இதைப் புரிந்துகொள்ளாததால் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். 2003-ல் சதாம் ஆட்சி வீழ்ந்தபின் ஈராக் புதிய தினாரை வெளியிட்டது. ஒரு காலத்தில் ஈராக் தினார் மூன்று டாலருக்கு விற்றது, மறுபடி அந்த விலைக்குப் போகும், அன்று எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று சொல்லி அமெரிக்காவில் தரகர்கள் அந்தத் தாள்களைக் கட்டுக்கட்டாக விற்றார்கள். நடந்தது வேறு. 2020 டிசம்பரில் ஈராக் அரசே டாலருக்குச் சுமார் 1,190 என்றிருந்த விலையை 1,450-க்கு இறக்கியது. 2023 பிப்ரவரியில் 1,300-க்குத் திருத்தியது. புழக்கத்தில் அத்தனை கோடி தாள்கள் இருக்கும்போது ஒவ்வொன்றையும் ஆயிரம் மடங்கு விலைக்கு மாற்றிக் கொடுக்க எந்த நாட்டிடமும் செல்வம் கிடையாது. "மலிவாகக் கிடைக்கிறது, பிறகு ஏறும்" என்ற பேச்சை எந்த நாணயத்தைப் பற்றிக் கேட்டாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: அங்கே விலைவாசி எப்படி ஏறுகிறது?

நீண்ட காலத்தில் நாணயத்தை நகர்த்தும் முதன்மையான விசை பணவீக்க வேறுபாடு. ஒரு நாட்டில் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதமும் இன்னொரு நாட்டில் 2 சதவீதமும் ஏறினால், முதல் நாட்டின் பணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் இறங்கினால்தான் இரு நாட்டுப் பொருள்களின் விலையும் பழைய நிலையில் நிற்கும். வாங்கும் சக்திச் சமநிலை என்று இதற்குப் பெயர். சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்தாவ் காசெல் முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தார்.

ரூபாய் டாலருக்கு எதிராக இறங்கிவந்ததற்கும், இலங்கை ரூபாய் இந்திய ரூபாயைவிட வேகமாக இறங்கியதற்கும், ஃபிராங்க் எல்லாவற்றையும் முந்தியதற்கும் பெரும்பாலான விளக்கம் இதில் அடங்கிவிடும். ஆகவே ஒரு நாணயத்தை ஆராயத் தொடங்கும்போது அந்த நாட்டின் கடந்த 20, 30 ஆண்டுப் பணவீக்கத்தை எடுத்து நம் நாட்டுப் பணவீக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வதேச நிதியம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடும் உலகப் பொருளாதாரத் தரவுகளில் எல்லா நாட்டுக்கும் இந்த எண்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓரிரு ஆண்டு எண்களை வைத்து முடிவுக்கு வராதீர்கள். விலைவாசியைக் கட்டுக்குள் வைப்பதை ஒரு நாடு பல அரசுகள் மாறியும் விடாமல் செய்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டாவது: வட்டி அதிகம் என்றால் ஏன் அதிகம்?

வெளிநாட்டு வங்கி 15, 20 சதவீத வட்டி தருகிறது என்று கேட்டதும் ஆசை வருவது இயல்பு. துருக்கி இதற்குப் பாடம். 2021 செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே மத்திய வங்கியின் வட்டி 19 சதவீதம். ஒரு டாலருக்குச் சுமார் 8.3 லிரா. அந்த வேளையில் 100 டாலரை லிராவாக மாற்றி, முழு 19 சதவீத வட்டியும் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து 988 லிரா இருக்கும். அதற்குள் டாலர் 18 லிராவைத் தாண்டிவிட்டது. திரும்ப மாற்றினால் கைக்கு வருவது சுமார் 54 டாலர். விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போதே வட்டியைக் குறைத்துக்கொண்டு போனார்கள். 2022 அக்டோபரில் அரசின் கணக்குப்படியே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது.

உயர்ந்த வட்டி என்பது பெரும்பாலும் அந்தப் பணம் இறங்கும் என்ற எதிர்பார்ப்புக்குத் தரப்படும் ஈடு. மறுபக்கமும் இப்படித்தான். உறுதியான பணங்களுக்கு வட்டி கிடைக்காது. சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2015 ஜனவரி முதல் 2022 வரை வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே வைத்திருந்தது. அங்கே பணத்தைப் போட்டு வைக்க நாம்தான் கட்டணம் கொடுக்க வேண்டிய நிலைகூட வந்தது. அதனால் ஒரு நாணயம் எவ்வளவு ஏறும் என்பதைத் தனியாகவும் அதன் வட்டியைத் தனியாகவும் பார்க்காதீர்கள். இரண்டையும் கூட்டி, வரியைக் கழித்து, நம் நாட்டு வைப்புநிதி தரும் வட்டியோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது: அந்த நாட்டுக்கு டாலர் எங்கிருந்து வருகிறது?

ஒரு நாடு ஏற்றுமதி, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணம், சுற்றுலா ஆகியவற்றால் ஈட்டும் அந்நியச் செலாவணிக்கும், இறக்குமதிக்கும் வட்டிக்குமாகச் செலவிடும் அந்நியச் செலாவணிக்கும் உள்ள வேறுபாட்டை நடப்புக் கணக்கு என்கிறோம். பற்றாக்குறை இருந்தால் அதை வெளிக்கடனாலோ முதலீட்டாலோ நிரப்ப வேண்டும். நிரப்ப ஆள் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது.

1991-ல் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலை. சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாக இறக்கினார்கள். 21 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் 26 ரூபாயை ஒட்டிப் போனது. 2012-13 நிதியாண்டில் பற்றாக்குறை நாட்டு வருமானத்தில் 4.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அதே வேளையில், 2013 மே மாதம், அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி பண ஊக்கத்தைக் குறைக்கப்போவதாகக் கோடி காட்டினார். ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது.

இலங்கையின் 2022 நெருக்கடி இந்த விஷயத்தை மிகக் கொடூரமாகக் காட்டியது. 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பில் உடனே பயன்படுத்தக்கூடியது 5 கோடி டாலருக்கும் குறைவு என்று 2022 மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். மார்ச் தொடக்கம் வரை டாலருக்கு 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த விலை, பிடியை விட்டதும் இரண்டே மாதத்தில் 360-ஐ எட்டியது. ரூபாயில் சேமித்த ஆசிரியர், ஓய்வூதியக்காரர், கடைக்காரர் என அத்தனை பேரின் சேமிப்பும் டாலர் கணக்கில் பாதியாகிவிட்டது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள் கொடுத்த விலை அது. நாணய மதிப்பைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

ஆராயும்போது இவற்றைக் கேளுங்கள்: நடப்புக் கணக்கு உபரியா, பற்றாக்குறையா? கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும்? ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய வெளிக்கடன் கையிருப்பில் எவ்வளவு? அரசின் கடனில் எவ்வளவு தன் சொந்தப் பணத்தில் இருக்கிறது, எவ்வளவு டாலரில் இருக்கிறது? இந்தியாவின் கையிருப்பை ரிசர்வ் வங்கி வாரந்தோறும் வெளியிடுகிறது. பிற நாடுகளின் எண்களை அந்தந்த மத்திய வங்கிகளின் மாத அறிக்கைகளில் பார்க்கலாம்.

நான்காவது: விலையைப் பிடித்து வைத்திருப்பவர் யார்?

எல்லா நாணயமும் சந்தையில் மிதப்பதில்லை. அமீரக திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றும், சவுதி ரியால் 1986 முதல் 3.75 என்றும் கட்டப்பட்டிருக்கின்றன. வளைகுடாவில் வேலை செய்கிறவர் திர்ஹாமையும் டாலரையும் இரண்டு வெவ்வேறு முதலீடாக நினைத்தால் தவறு. நம் கணக்கில் இரண்டும் ஒன்றே. சிங்கப்பூர் மத்திய வங்கி, வட்டிக்குப் பதிலாகத் தன் வெள்ளியின் விலையையே ஒரு நாணயக் கூடைக்கு எதிராக நிர்வகித்துப் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்த வெள்ளி நீண்ட காலமாக உறுதியாக இருப்பதற்கு இந்தக் கொள்கை ஒரு காரணம்.

கட்டிய விலை நிம்மதி தரும்; அவிழும் நாளில் ஒரேயடியாக அவிழும். சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பர் முதல் ஒரு யூரோவை 1.20 ஃபிராங்க்குக்குக் கீழே விடமாட்டோம் என்று அறிவித்துக் காத்துவந்தது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பின்றி அதைக் கைவிட்டது. சில நிமிடங்களில் ஃபிராங்க் எகிறியது. ஃபிராங்க்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த போலந்து நாட்டுக் குடும்பங்கள், தங்கள் நாட்டுப் பணத்தில் கடன்சுமை ஒரே நாளில் ஏறக் கண்டார்கள்.

லெபனான் இன்னொரு பாடம் சொல்கிறது. அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் டாலருக்கு 1,507.5 லெபனான் பவுண்டு என்ற விலை அசையவில்லை. 2019-ல் நெருக்கடி வந்தபோது வங்கிகள் டாலர் கணக்குகளையே முடக்கின. டாலரில்தானே சேமித்தோம் என்று நம்பியிருந்தவர்களால் தங்கள் பணத்தை எடுக்க முடியவில்லை. 2023-ல் ஒரு டாலரின் சந்தை விலை 89,000 பவுண்டைத் தாண்டியது. எந்த நாணயம் என்பதோடு, அது எந்த நாட்டு வங்கியில், எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்பதும் ஆராய்ச்சியில் சேர்ந்தே தீர வேண்டும்.

ஐந்தாவது: இப்போதைய விலை மலிவா, கூடுதலா?

நல்ல நாணயத்தையும் அதிக விலைக்கு வாங்கலாம். இதை அளக்க, பணவீக்க வேறுபாட்டைக் கழித்து, பல நாட்டுப் பணங்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் குறியீடு ஒன்று உண்டு. நிபுணர்கள் 'ரீர்' என்பார்கள். ரூபாய்க்கு 40 நாட்டுப் பணங்களோடு ஒப்பிட்ட குறியீட்டை ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வெளியிடுகிறது. 2015-16 ஆண்டு 100. எண் 100-ஐத் தாண்டினால் அந்த ஆண்டைவிட ரூபாய் விலை கூடியிருக்கிறது என்று பொருள். 2024 நவம்பரில் இது 108 வரை போனது. அடுத்த மூன்று மாதங்களில் டாலர் 84 ரூபாயிலிருந்து 87 ரூபாய்க்கு நகர்ந்தது.

இந்தக் குறியீடு திசையைக் காட்டும், நாளைச் சொல்லாது. ரூபாய் பல ஆண்டுகள் தொடர்ந்து 100-க்கு மேலேயே இருந்ததும் உண்டு. ஒரு நாணயம் தன் நியாயமான விலையிலிருந்து விலகினால் அந்த விலகலில் பாதி சரியாகவே மூன்று முதல் ஐந்து ஆண்டு பிடிக்கும் என்று பொருளியலாளர் கென்னத் ரோகாஃப் 1996-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். நீண்ட காலம் காத்திருக்க முடியாதவருக்கு இந்த எண்ணால் பயனில்லை.

ஆராய்ச்சி எங்கே கைவிடும்?

அதே ரோகாஃப் 1983-ல் ரிச்சர்ட் மீஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். பணவீக்கம், வட்டி, வர்த்தகம் எல்லாவற்றையும் வைத்துக் கட்டிய பொருளாதார மாதிரிகள், ஓராண்டுக்குள் நாணய விலை எங்கே போகும் என்பதை, 'இன்றைய விலையே நாளைய விலை' என்று சொல்லும் எளிய ஊகத்தைவிடச் சரியாகக் கணிக்கவில்லை. நாற்பது ஆண்டு கடந்தும் குறுகிய காலக் கணிப்பில் பெரிய முன்னேற்றம் இல்லை. அதனால் அடுத்த ஆண்டு டாலர் இத்தனை ரூபாய் என்று அடித்துச் சொல்லும் எவரையும் நம்பிப் பணம் போடாதீர்கள்.

ரூபாயின் வரலாறே இதற்குச் சாட்சி. ரூபாய் எப்போதும் இறங்கும் என்று நினைத்து 2002-ல் 48 ரூபாய்க்கு டாலர் வாங்கியவர், 2007 இறுதியில் அதை 39 ரூபாயில் பார்த்தார். 2013 ஆகஸ்ட் பதற்றத்தில் 68 ரூபாய்க்கு வாங்கியவர், அடுத்த ஆண்டே அது 60 ரூபாய்க்கு வந்ததைக் கண்டார். வாங்கிய விலை திரும்பிவர 2016 வரை காத்திருந்தார். அதுவரை உள்ளூர் வைப்புநிதியில் கிடைத்திருக்கும் வட்டியும் போயிற்று. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் டாலர் வரும் நாள், வாங்குவதற்கு நல்ல நாளாக இருப்பது அபூர்வம்.

அப்படியானால் யாருக்கு இது தேவை?

வருங்காலச் செலவு வெளிநாட்டுப் பணத்தில் வரப்போகிறவருக்குத்தான் முதல் தேவை. மகளை ஐந்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் மேற்படிப்புக்கு அனுப்ப 50,000 டாலர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 90 ரூபாய் என்றால் இன்றைய கணக்கில் 45 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 3.3 சதவீதம் என்ற பழைய வேகத்தில் ரூபாய் இறங்கினால் அதே 50,000 டாலருக்கு ஏறத்தாழ 53 லட்சம் தேவைப்படும். கல்விக் கட்டணம் ஏறுவது தனி. இந்தக் குடும்பம் டாலரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் கட்டணம் கட்டப் பணம் இருக்கும். இவர்களுக்கு லாபம் இரண்டாம் பட்சம். நிச்சயம்தான் முதல் தேவை.

வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கேள்வி தலைகீழாக வரும். சம்பாதிப்பது திர்ஹாமிலோ டாலரிலோ. ஊருக்கு அனுப்பி ரூபாயில் என்.ஆர்.இ. வைப்பாகப் போடுவதா, வெளிநாட்டுப் பணத்திலேயே எஃப்.சி.என்.ஆர். வைப்பாக வைப்பதா? முதலாவதில் வட்டி கூடுதல், ரூபாய் இறங்கும் ஆபத்து நம்முடையது. இரண்டாவதில் வட்டி குறைவு, அந்த ஆபத்து வங்கியுடையது. ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை போடலாம். இரண்டிலும் கிடைக்கும் மொத்தம் நீண்ட காலத்தில் பெரிதாக வேறுபடுவதில்லை. ஓய்வுபெற்றபின் எங்கே வாழப்போகிறீர்கள் என்பதே இதை முடிவு செய்யட்டும். திருச்சியில் வீடு கட்டிக் குடியேறப் போகிறவருக்குச் செலவு ரூபாயில். பிள்ளைகளோடு சிங்கப்பூரிலேயே இருக்கப்போகிறவருக்குச் செலவு வெள்ளியில்.

இரண்டிலும் சேராத, இங்கேயே சம்பாதித்து இங்கேயே செலவிடும் குடும்பத்துக்கு டாலர் கட்டாயத் தேவை அல்ல. அவர்கள் கவனிக்காத ஒன்றும் உண்டு. வீட்டில் தங்கம் இருந்தால் ஏற்கெனவே வெளிநாட்டு நாணயத்தின் ஏற்றத்தில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. நம் ஊர்த் தங்க விலை என்பது உலகச் சந்தையின் டாலர் விலையை ரூபாயில் பெருக்கி, இறக்குமதி வரியைக் கூட்டிய விலை. ரூபாய் இறங்கினால் தங்கம் ரூபாயில் ஏறுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் மென்பொருள் நிறுவனப் பங்குகளுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு.

இன்னும் பரவல் வேண்டும் என்று நினைத்தால், நாணயத்தைத் தாளாக வைத்திருப்பதைவிட அந்த நாணயத்தில் சம்பாதிக்கும் சொத்தை வாங்குவது நல்லது. உலகப் பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகள் ஒரு வழி. வாங்கும் பங்கு லாபமும் ஈட்டும், அந்தப் பணம் ஏறினால் அதுவும் சேரும். விதைநெல்லைக் குதிரில் பூட்டி வைப்பதற்கும் வயலில் விதைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இந்திய ஃபண்டுகள் மொத்தமாக 700 கோடி டாலர் வரைதான் வெளிநாட்டில் போடலாம் என்ற வரம்பு இருப்பதால், 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல ஃபண்டுகள் புதுப் பணம் வாங்குவதை அவ்வப்போது நிறுத்தி வைத்தன. போடுமுன் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2004-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது வரம்பு 25,000 டாலர். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதத்தை டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியாகப் பிடிக்கும். அது கூடுதல் வரி அல்ல. வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். அனுப்பிய பணம் முதலீடு ஆகாமல் சும்மா கிடந்தால் 180 நாளுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் உள்ள வங்கிக் கிளைகளில் வெளிநாட்டுப் பணக் கணக்கு தொடங்க 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி வழி திறந்தது.

பயணத்தில் மிஞ்சிய தாள்களை 2,000 டாலர் மதிப்பு வரைதான் வீட்டில் வைத்திருக்கலாம். மணி சேஞ்சரிடம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டால், தாளாகச் சேர்ப்பது ஓரிரு ஆண்டு ஏற்றத்தைத் தொடக்கத்திலேயே தின்றுவிடும். வெளிநாட்டில் கணக்கோ பங்கோ இருந்தால் வருமான வரிக் கணக்கில் அதற்குரிய எஃப்.ஏ. அட்டவணையில் காட்டியாக வேண்டும். மறைத்தால் அபராதம் லட்சக்கணக்கில் வரலாம்.

ஓர் எச்சரிக்கை. கைப்பேசிச் செயலியில் யூரோவையும் டாலரையும் கடனில் வாங்கி விற்றுத் தினமும் லாபம் பார்க்கலாம் என்று வரும் விளம்பரங்களுக்கும் நீண்ட கால முதலீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எல்.ஆர்.எஸ். பணத்தை அதற்கு அனுப்புவது சட்டமீறல். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலும் ஒரு தளம் நம்பகமானது ஆகிவிடாது. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றிருக்கிறதா என்று பார்ப்பதே வழி. இங்குள்ள பங்குச் சந்தைகளில் நடக்கும் டாலர்-ரூபாய் ஒப்பந்தங்களும், 2024 மே முதல், உண்மையான வெளிநாட்டு வரவு செலவு உள்ளவர்களுக்கே உரியவை.

முடிவெடுக்கும் முன்

வாங்க நினைக்கும் நாணயத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, கீழே இவற்றுக்கு விடை எழுதுங்கள். எனக்கு அந்தப் பணத்தில் செலவு வருமா, எப்போது, எவ்வளவு? அந்த நாட்டின் 20 ஆண்டுப் பணவீக்கம் நம்மைவிட எத்தனை சதவீதம் குறைவு? அதில் கிடைக்கும் வட்டி, மாற்றுச் செலவு, வரி போக எவ்வளவு நிற்கும்? அந்த நாடு வெளிக்கடனை எளிதாகத் திருப்பக்கூடியதா? பணம் எந்த வங்கியில், எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கும்? ஐந்தாண்டு விலை இறங்கியே கிடந்தாலும் என்னால் தொடாமல் இருக்க முடியுமா?

முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால், தேவைப்படும் தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து, விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவில் வாங்கி வாருங்கள். 'இல்லை' என்றால், மற்றக் கேள்விகளுக்கு எவ்வளவு நல்ல விடை வந்தாலும், வாங்கப்போவது ஓர் ஊகத்தைத்தான் என்று தெரிந்து, இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உழைத்துச் சேர்த்த பணத்துக்கு அந்தக் கவனிப்பைக் கொடுப்பது நம் கடமை.